குணமாக்கும் கடவுள் நிற்கும் ரோம வெள்ளிக்காசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் பழைய காசுகளை எடுத்துக் காட்டும்போது ஒன்று மட்டும் கைமாறிக் கைமாறிச் சுற்றும், லேசில் தட்டுக்குத் திரும்பாது. பாம்பு சுற்றிய கோலை ஊன்றிக்கொண்டு ஒரு தாடிக்காரர் நிற்கும் சின்ன வெள்ளிக்காசு அது. வந்தவர் டாக்டராக இருந்தால் "இது எங்கள் சின்னமாச்சே!" என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அப்புறம் வருவதெல்லாம் ஒரே கேள்விகள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டேன்.

இது எந்தக் காசு? எவ்வளவு பழையது?

ரோமப் பேரரசர் கரகல்லாவின் தினாரியஸ், அதாவது ரோமரின் வழக்கமான வெள்ளிக்காசு. கி.பி. 215இல் ரோம் நகரில் அடித்தது. ஆயிரத்து எண்ணூறு வருடங்களைத் தாண்டிவிட்டது. என்னிடம் இருப்பது 19 மில்லிமீட்டர் அகலம், 3.1 கிராம் எடை. நம் ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுச் சிறியது, ஆனால் தடிமன் ஒரே சீராக இருக்காது. விளிம்பில் விரலை ஓட்டினால் ஒரு பக்கம் மெலிந்தும் மறுபக்கம் புடைத்தும் தட்டுப்படும். ஐந்து மணி திசையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அது குறை இல்லை. சுத்தியல் அடி வாங்கியதன் தழும்பு.

பூப் பக்கத்தில் நிற்பவர் யார்?

எஸ்குலாபியஸ். கிரேக்கர்கள் அஸ்க்லேபியஸ் என்றார்கள். நோய் தீர்க்கும் கடவுள். அப்போலோவுக்கும் கொரோனிஸ் என்ற மானிடப் பெண்ணுக்கும் பிறந்து, பாதி மனிதன் பாதி குதிரையான கைரோனிடம் மருத்துவம் கற்றார் என்பது கதை. கற்றது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. செத்தவர்களையும் எழுப்ப ஆரம்பித்தார். இப்படியே போனால் மனிதனுக்கும் தேவனுக்கும் என்ன வித்தியாசம் என்று தேவர்களின் அரசன் சீயஸ் இடியால் அடித்துக் கொன்றார். செத்த பிறகுதான் முழுக் கடவுள் ஆனார். வைத்தியம் பார்த்ததற்காகவே கொல்லப்பட்ட கடவுள் என்பதாலோ என்னவோ, கிரேக்க தேவர்களில் இவர் ஒருவரிடம்தான் எனக்கு ஒட்டுதல்.

தாடி வைத்த தேவர்கள் ரோமக் காசுகளில் நிறையப் பேர் உண்டே. இவர்தான் என்று எப்படிச் சொல்வது?

முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். ரோமக் காசில் முகம் தேய்ந்துவிடும். கையில் இருக்கும் பொருள்தான் அடையாள அட்டை. இடிக்கட்டு இருந்தால் ஜூபிடர். கதாயுதமும் சிங்கத்தோலும் இருந்தால் ஹெர்குலிஸ். கோல், அதில் ஒரே ஒரு பாம்பு என்றால் எஸ்குலாபியஸ். மேலங்கி ஒரு தோளில் கிடக்கும், மார்பு திறந்திருக்கும், கோலைத் தரையில் ஊன்றியிருப்பார். என் காசில் பாம்பின் தலை தேய்ந்து ஒரு புள்ளியாகிவிட்டது. ஆனால் லென்ஸில் பார்த்தால் கோலைச் சுற்றும் வளைவுகளை இன்னும் எண்ண முடிகிறது.

பாம்போடு ஒரு பெண் நின்றாலோ உட்கார்ந்திருந்தாலோ அது பெரும்பாலும் சாலுஸ். நலத்தின் தேவி. கிரேக்கத்தில் இவருக்குச் சமமான ஹைஜியா எஸ்குலாபியஸின் மகள். சாலுஸ் ஒரு கிண்ணத்தை நீட்டிப் பாம்புக்கு உணவு தந்துகொண்டிருப்பார். ரோமக் காசுகளில் அப்பாவைவிட மகளைத்தான் பல மடங்கு அதிகம் பார்க்கலாம்.

சுற்றிலும் உள்ள எழுத்துகள் ஒரு சொல்லாகவே சேரவில்லையே?

சேராது, எல்லாம் சுருக்கெழுத்து. கடவுளின் பெயர் அதில் இல்லவே இல்லை. பேரரசரின் பதவிப் பட்டியல்தான் இருக்கிறது. லத்தீன் எழுத்துகளைத் தமிழில் உச்சரித்துப் பார்த்தால்: பி, எம் (தலைமைப் பூசாரி), டி ஆர், பி, 18 (பதினெட்டாம் முறையாக மக்கள் தலைவருக்குரிய அதிகாரம்), சி ஓ எஸ், 4 (நான்கு முறை கான்சல், அதாவது ரோமின் மிக உயர்ந்த ஆண்டுப் பதவி), பி, பி (நாட்டின் தந்தை). எண்களெல்லாம் ரோமன் எண்கள். நான்கு என்பதை நாம் பள்ளியில் படித்த மாதிரி எழுதாமல், நான்கு கோடுகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள்.

ஆண்டைச் சொல்வது அந்தப் பதினெட்டுதான். மக்கள் தலைவருக்குரிய அதிகாரத்தைப் பேரரசர் வருடாவருடம் புதுப்பித்துக்கொள்வார். கரகல்லா அதை முதலில் பெற்றது 198இல், பத்து வயதுகூட முடியாத பையனாக, அப்பா செப்டிமியஸ் செவரஸ் தன்னோடு இணைப் பேரரசராக்கியபோது. 198ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வந்தால் பதினெட்டு 215இல் வந்து நிற்கும். விரல்விட்டு எண்ணியே ஒரு காசின் வருடத்தைக் கண்டுபிடிப்பதில் கிடைக்கும் சந்தோஷத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

தலைப் பக்கத்தில் 'அன்டோனினஸ் பையஸ்' என்று இருக்கிறது. நீங்கள் கரகல்லா என்கிறீர்களே?

இந்தக் காசை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் வழுக்குவார்கள். அன்டோனினஸ் பையஸ் என்ற பெயரில் ஒரு பேரரசர் உண்மையிலேயே இருந்தார், 138 முதல் 161 வரை ஆண்டவர். செவரஸ் குடும்பம் அந்த மதிப்புக்குரிய பரம்பரையோடு தன்னை ஒட்டவைத்துக்கொண்டபோது மகனுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. 'கரகல்லா' என்பது பட்டப்பெயர். அவர் விரும்பி அணிந்த, தலைமூடி வைத்த, கால் என்ற நாட்டின் (இன்றைய பிரான்ஸ் பகுதி) நீள அங்கியின் பெயர் அது. எந்தப் பேரரசர் தன் பட்டப்பெயரைக் காசில் அடிப்பார்?

பிரித்தறிய இரண்டு வழிகள். பெயரின் கடைசியில் 'ஜெர்ம்' என்ற சுருக்கம் இருந்தால் கரகல்லாதான். 213இல் ஜெர்மானியர்களோடு நடத்திய போருக்குப் பின் சேர்த்துக்கொண்ட பட்டம் அது. இரண்டாவது வழி, முகம். பழைய அன்டோனினஸ் சாந்தமான பெரியவர். இவரோ புருவத்தை நெரித்து, யாரையோ இப்போதே அடிக்கப்போகிறவர் போல முறைப்பார். செதுக்கியவர் பயந்து செய்த வேலை என்று நினைக்காதீர்கள். கரகல்லா தன்னை அப்படிக் காட்டிக்கொள்ளவே விரும்பினார்.

215இல் இந்தக் கடவுளைக் காசில் போட என்ன காரணம்?

பேரரசருக்கு உடம்பு சரியில்லை.

இதைக் காசு சொல்லாது, வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதே காலத்தில் வாழ்ந்த செனட் உறுப்பினர் காசியஸ் டியோவுக்குக் கரகல்லாவைக் கண்டாலே ஆகாது, எனவே அவர் சொல்வதைக் கொஞ்சம் சலித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே தெரிந்த நோயும் இருந்தது, தெரியாத நோயும் இருந்தது என்கிறார். மனமும் கெட்டிருந்ததாம். அப்பாவும் தம்பியும் வாளோடு துரத்துவதாக அடிக்கடி தோன்றுமாம். தம்பி கெட்டாவை 211 டிசம்பரில், தாயின் மடியிலேயே வைத்துக் கொல்லச் செய்தவருக்கு இப்படித் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

குணம் வேண்டி அவர் போன இடங்களையும் டியோ வரிசைப்படுத்துகிறார். அப்போலோ கிரானஸ் (கெல்ட் மக்களின் குணமாக்கும் கடவுளோடு அப்போலோவைச் சேர்த்து வணங்கிய வடிவம்), எஸ்குலாபியஸ், எகிப்திய வழிபாட்டிலிருந்து வந்த சராபிஸ். நேர்த்திக்கடன் செலுத்தினார், காணிக்கை அனுப்பினார், தானே நேரில் போய் நின்றார். ஹெரோடியன் என்ற இன்னொரு வரலாற்றாசிரியர், கரகல்லா பெர்கமோன் நகரின் எஸ்குலாபியஸ் கோயிலுக்குப் போய், வேண்டிய மட்டும் கனவு கண்டுவிட்டு வந்தார் என்று எழுதுகிறார். இன்றைய துருக்கியின் பெர்காமா ஊரில் அந்தக் கோயிலின் இடிபாடுகள் இருக்கின்றன. பயணம் நடந்தது 214 வாக்கில்.

அடுத்த வருடமே ரோமில் இந்தக் காசு வருகிறது. அதே 215இன் காசுகளை மேசைமேல் பரப்பினால் எஸ்குலாபியஸோடு அப்போலோவும் சராபிஸும் வந்து நிற்கிறார்கள். டியோ சொன்ன அதே மூவர். ஒரு நோயாளி ஏறி இறங்கிய கோயில்களின் பட்டியல் வெள்ளியில் அச்சடித்து ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. ஆனாலும் எந்தக் காசிலும் 'நோய்' என்ற பேச்சே கிடையாது. கடவுள் கம்பீரமாக நிற்கிறார், அவ்வளவுதான். ஆள்பவருக்கு உடம்பு சரியில்லை என்பதை எந்த அரசும் நேராகச் சொல்வதில்லை.

பெர்கமோன்காரர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. பேரரசர் தங்கள் ஊருக்கு வந்த பெருமையைப் பெரிய பெரிய வெண்கலக் காசுகளில் கொண்டாடினார்கள். அவற்றில் ஒன்றில் கரகல்லா ராணுவ உடையில் நின்று, மரத்தைச் சுற்றிய பாம்பை நோக்கி வலக்கையை உயர்த்துகிறார். உலகத்தையே முறைத்த ஆள் ஒரு பாம்புக்கு மரியாதை செய்கிறார். என்னிடம் அந்தக் காசு இல்லை. அது சந்தைக்கு வந்தால் வாங்கும் வசதியும் இல்லை.

காலடியில் ஒரு உருண்டை இருக்கிறதே, மாத்திரையா?

என் அக்கா மகன் கேட்டது, விட மனமில்லாமல் சேர்த்திருக்கிறேன். அது பூகோளம். ரோமக் காசுகளில் உருண்டை வந்தால் உலகம் என்று பொருள், உலகம் என்றால் ரோமின் ஆட்சி. கடவுளின் கோல் ஒரு பக்கம், உலகம் மறுபக்கம். பேரரசர் நலமாக இருந்தால் உலகம் நலமாக இருக்கும் என்பதைப் படமாகச் சொல்வதாக நான் வாசிக்கிறேன்.

என் காசில் உருண்டை மட்டுமல்ல, ஒரு குட்டி உருவமும் இருக்கிறது.

அப்படியென்றால் உங்களிடம் இருப்பது இன்னும் சுவையான வகை. அது டெலெஸ்போரஸ். தலையோடு மூடிய அங்கிக்குள் முழுக்க ஒளிந்த சிறுவன். நோயை முடிவுக்குக் கொண்டுவருகிறவன் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். வியாதி போன பிறகும் உடம்பு தேறக் கொஞ்ச நாள் ஆகுமில்லையா, அந்த நாட்களுக்கான குட்டித் தெய்வம். பெர்கமோனில் இவன் வழிபாடு பெரிதாக இருந்தது. எனவே ரோமில் அடித்த காசில் இவன் தலைகாட்டுவதை அந்தப் பயணத்தின் எதிரொலியாக எடுத்துக்கொள்ளலாம். தலைமூடி அங்கியால் பட்டப்பெயர் வாங்கிய பேரரசரின் காசில் தலைமூடி போட்ட சிறுவன்! தற்செயல்தான், ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

கிரேக்கக் கடவுள் ரோமுக்கு எப்படிப் போனார்?

கப்பலில், பாம்பாக. கி.மு. 293இல் ரோமில் கொள்ளைநோய். அரசின் குறி சொல்லும் நூல்களைப் புரட்டியபோது, கிரேக்கத்தின் எபிடாரஸ் ஊரிலிருந்து அஸ்க்லேபியஸை அழைத்து வாருங்கள் என்று வந்ததாம். குவின்டஸ் ஒகுல்னியஸ் தலைமையில் ஒரு குழு போனது. கோயிலில் இருந்த பாம்பு தானாக ஊர்ந்து வந்து ரோமக் கப்பலில் ஏறிச் சுருண்டுகொண்டது. வழியில் ஆன்டியம் துறைமுகத்தில் இறங்கி ஒரு பனைவகை மரத்தில் மூன்று நாள் தங்கிவிட்டுத் திரும்ப ஏறியது. ரோமை நெருங்கியதும் டைபர் ஆற்றில் குதித்து நடுவில் இருந்த தீவுக்கு நீந்திப் போனது. அங்கேயே கோயில் எழுப்பினார்கள். கதைக்குள் எவ்வளவு உண்மை என்பது இருக்கட்டும், கோயில் உண்மை.

தீவின் ஒரு முனையைக் கல்லால் கப்பல் போலவே கட்டினார்கள். அந்தக் கல் கப்பலின் ஒரு துண்டு இன்றும் ஆற்றோரம் இருக்கிறது. எஸ்குலாபியஸின் உருவமும் பாம்புக் கோலும் அதில் மங்கலாகத் தெரியும். அந்தப் பகுதியில் ஆற்றுக்குள்ளிருந்து சுடுமண்ணால் செய்த கை, கால், கண், வயிற்று உள்ளுறுப்பு எல்லாம் குவியலாகக் கிடைத்தன. நாம் கண்மலர் சாத்துவது, வெள்ளியில் கால் உரு வாங்கி உண்டியலில் போடுவது போன்ற அதே வேண்டுதல்தான்.

இன்னொரு தகவலும் உண்டு, அவ்வளவு அழகானதில்லை. நோயுற்ற அடிமைகளுக்குச் செலவு பண்ண மனமில்லாத முதலாளிகள் அவர்களை இந்தத் தீவில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அப்படிக் கைவிடப்பட்டவர் பிழைத்துக்கொண்டால் அவர் இனி அடிமை இல்லை என்று பேரரசர் கிளாடியஸ் முதல் நூற்றாண்டில் ஆணை போட்டார்.

அதே தீவில் 1585 முதல் ஒரு மருத்துவமனை இருக்கிறது. இப்போதும் நடக்கிறது.

அந்தக் கோயில்களில் சிகிச்சை என்ற பெயரில் என்னதான் செய்தார்கள்?

தூங்க வைத்தார்கள். குளித்து, பலி கொடுத்து, இரவில் கோயிலுக்குள் அதற்கென்று இருந்த கூடத்தில் படுக்க வேண்டும். கனவில் கடவுள் வந்து தொட்டுக் குணமாக்குவார், அல்லது மருந்து சொல்வார். குணமானவர்கள் காணிக்கை செலுத்துவார்கள். எளியவர்களின் காணிக்கை ஒரு சேவல். சாக்ரடீஸ் விஷம் குடித்த பிறகு கடைசியாகச் சொன்னதாக பிளேட்டோ எழுதுவதும் அந்தச் சேவலைப் பற்றித்தான்: அஸ்க்லேபியஸுக்கு ஒரு சேவல் பாக்கி, மறக்காமல் கொடுத்துவிடு.

எபிடாரஸில் இப்படிக் குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அதில் ஆதென்ஸைச் சேர்ந்த அம்ப்ரோசியா என்ற பெண் வருகிறாள். ஒரு கண் தெரியாதவள். கோயிலைச் சுற்றி வரும்போது அந்தக் கல்வெட்டுகளைப் பார்த்து, நொண்டி நடந்தானாம், குருடன் பார்த்தானாம், வெறும் கனவிலா என்று சிரித்தாளாம். இரவு கனவில் கடவுள் வந்தார். குணமாக்குகிறேன், ஆனால் உன் அறியாமைக்கு நினைவாக வெள்ளியில் ஒரு பன்றி செய்து வைக்க வேண்டும் என்றார். கண்ணைக் கீறி மருந்து ஊற்றினார். விடிந்ததும் பார்வையோடு வெளியே வந்தாள். நம்பாதவர்களின் வாயை அடைக்கக் கோயில்காரர்களே கிளப்பிய கதையாக இருக்கலாம். ஆனால் அந்த வெள்ளிப் பன்றியை யோசித்தவர் நகைச்சுவை தெரிந்த ஆள்.

பெர்கமோனில் விஷயம் வேறு. இரண்டாம் நூற்றாண்டில் ஏலியஸ் அரிஸ்டைடிஸ் என்ற பேச்சாளர் நோயோடு அங்கே போய் வருடக்கணக்கில் தங்கி, கடவுள் கனவில் சொன்ன வைத்தியத்தையெல்லாம் எழுதி வைத்தார். குளிர்காலத்தில் உறையும் ஆற்றில் குளி என்பதும் அதில் உண்டு. மருத்துவத்தின் பெரிய பெயரான கேலன் அதே ஊர்க்காரர், 129இல் பிறந்தவர். அவர் அப்பாவின் கனவில் இந்தக் கடவுள் வந்து மகனை மருத்துவம் படிக்க வைக்கச் சொன்னாராம். கத்தி பிடித்த வைத்தியமும் கனவு வைத்தியமும் அங்கே ஒன்றுக்கொன்று சண்டை போடவில்லை.

சரி, பாம்பு ஏன்?

சட்டை உரித்துப் புதிதாக வருவதால் என்பது வழக்கமான பதில். கோயில்களில் விஷமில்லாத பாம்புகளை உண்மையாகவே வைத்திருந்தார்கள். ஐரோப்பாவில் இப்போதும் உள்ள ஒரு நீளமான, விஷமற்ற பாம்பினத்துக்கு எஸ்குலாபியஸின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மருந்துக் கடைகளில் இரண்டு பாம்பும் இறக்கையும் உள்ள கோலைப் பார்க்கிறோம். அதுவும் இவருடையதா?

இல்லை. அது மெர்குரியின் கோல். கிரேக்கத்தில் ஹெர்மிஸ். தூதர், வணிகர், திருடர் ஆகியோரின் காவல் தெய்வம். மருத்துவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. 1902இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு அதைத் தன் சின்னமாக்கிய பிறகு குழப்பம் பெரிதாகப் பரவியது. உலக சுகாதார அமைப்பின் சின்னத்தில் இருப்பதுதான் சரியான கோல், ஒரே பாம்பு. சில மருத்துவமனைக் கட்டணச் சீட்டுகளில் வணிகக் கடவுளின் கோலைப் பார்க்கும்போது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

கரகல்லாவுக்கு முன்னும் பின்னும் இதுபோன்ற காசுகள் உண்டா?

உண்டு. குறைந்த செலவில் ஒன்று வேண்டும் என்றால் கி.மு. 49இல் மானியஸ் அசிலியஸ் அடித்த தினாரியஸைத் தேடுங்கள். சீசர் படையோடு ரூபிகான் ஆற்றைக் கடந்து உள்நாட்டுப் போரைத் தொடங்கிய அதே வருடம். ஏராளமாக அடித்ததால் இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது. ஒரு பக்கம் சாலுஸ் தேவியின் தலை. மறுபக்கம் வலெட்யூடோ, அதாவது உடல்நலம் என்ற தேவி, தூணில் சாய்ந்தபடி கையில் பாம்பைப் பிடித்து நிற்கிறார். அசிலியஸ் குடும்பத்துக்கும் வைத்தியத்துக்கும் என்ன உறவு? கி.மு. 219இல் ஆர்காகதஸ் என்ற கிரேக்க வைத்தியர் ரோமுக்கு வந்தார், அங்கே வந்த முதல் கிரேக்க வைத்தியர் என்பார்கள். அவருக்கு அரசுச் செலவில் கடை வாங்கிக் கொடுத்த இடம் அசிலியஸ் நாற்சந்தி. முதலில் 'காயம் ஆற்றுபவர்' என்று தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அவர் அறுத்ததையும் சுட்டதையும் பார்த்த பிறகு 'கசாப்புக்காரர்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

அந்தப் பாம்புக் கப்பல் கதையை அப்படியே படமாக்கியது அன்டோனினஸ் பையஸின் (உண்மையான பழையவரின்) வெண்கலப் பதக்கம் ஒன்று. கப்பலிலிருந்து பாம்பு எட்டிப் பார்க்கிறது, டைபர் ஆற்றுக் கடவுள் தண்ணீரில் சாய்ந்தபடி கை நீட்டி வரவேற்கிறார், அடியில் எஸ்குலாபியஸ் என்று பெயர். இது புழக்கத்துக்கு அடித்ததில்லை, அன்பளிப்பாகக் கொடுத்தது. அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும்.

பிற்பாடு 193க்குப் பின் குளோடியஸ் அல்பினஸும், 260களில் கால் நாட்டில் தனி ஆட்சி நடத்திய போஸ்டுமஸும் எஸ்குலாபியஸைக் காசில் போட்டார்கள். போஸ்டுமஸின் காசில் 'பேரரசரின் நலம்' என்றே எழுதியிருக்கும்.

கொள்ளைநோய்க் காலத்தில் மக்களுக்காக இப்படிக் காசு அடிக்கவில்லையா?

251 முதல் 253 வரை ஆண்ட டிரெபோனியானஸ் காலஸின் காலத்தில் பேரரசெங்கும் கொள்ளைநோய். அவர் காசில் 'குணமாக்கும் அப்போலோவுக்கு' என்று எழுதிக் கடவுளை நிறுத்தினார். மக்களின் கவலைக்கு அது மிக அருகில் வரும் காசு. மற்றபடி ரோமக் காசில் நலம் என்ற சொல் வந்தால், பக்கத்திலேயே 'பேரரசரின்' என்ற சுருக்கமும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இது சுத்த வெள்ளியா?

முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்து தினாரியஸ் கிட்டத்தட்ட சுத்தம். கரகல்லா காலத்துக்கு வரும்போது ஏறத்தாழப் பாதிதான் வெள்ளி, மீதி செம்பு. படைவீரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் கூட்டி, வெள்ளியைக் குறைத்துக் குறைத்துச் சமாளித்தார்கள். இதே 215இல் கரகல்லா இன்னொரு வேலையும் பார்த்தார். தலையில் சூரியக் கதிர்க் கிரீடம் வைத்து ஒரு பெரிய காசை அறிமுகப்படுத்தினார். அதன் மதிப்பு இரண்டு தினாரியஸ் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கணிப்பு, அதில் இருந்த வெள்ளியோ ஒன்றரை தினாரியஸ் அளவுதான். அதற்கு நாணயவியலில் வழங்கும் பெயர் அன்டோனினியானஸ். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது வெறும் செம்பில் வெள்ளி பூசின தகடாகிவிட்டது.

கடவுள் நடுவில் இல்லாமல் ஓரமாக நிற்கிறார். பிழையா?

கையால் அடித்த காசு. தலைப் பக்க அச்சு கீழே பட்டறையில் பதிந்திருக்கும், அதன்மேல் சூடாக்கிய வெள்ளி வில்லை, அதன்மேல் பூப் பக்க அச்சைப் பிடித்துக்கொண்டு ஓங்கி ஒரு அடி. ஒரு நாளில் எத்தனை அடி அடித்திருப்பார்கள்! அச்சு கொஞ்சம் நகர்ந்தால் கடவுளும் நகர்ந்துவிடுவார். எழுத்து வெட்டுப்படாமல் இருந்தால் போதும், நான் சந்தோஷமாக வாங்குவேன்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். இணையத்தில் ஒரு வியாபாரியிடம் நான் வாங்கிய முதல் எஸ்குலாபியஸ் போலி. பார்க்க அழகாக, ரொம்ப அழகாக இருந்தது. நகைக்கடைத் தராசில் வைத்தபோது 2.3 கிராம்தான் காட்டியது. அப்போதே விழித்திருக்க வேண்டும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது கடவுளைச் சுற்றிய வெற்றிடத்தில் ஊசி குத்தியது போலக் குட்டிக் குட்டிக் குழிகள். வார்ப்பில் அகப்பட்ட காற்றுக் குமிழிகள். விளிம்பில் இரண்டு அரைகள் சேர்ந்த கோடு, அரத்தால் தேய்த்து மறைத்திருந்தார்கள். எழுத்துகளின் ஓரம் சோப்புக் கட்டி போல மழுங்கியிருந்தது. பணம் திரும்பி வரவில்லை.

அடித்த காசில் எழுத்து எவ்வளவு தேய்ந்தாலும் அடிப்பகுதி சுற்றியுள்ள வெற்றிடத்திலிருந்து கூர்மையாக எழும்பும். எழுத்திலிருந்து விளிம்பு நோக்கி உலோகம் ஓடின மெல்லிய கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிப் போலிகள் தாமாகவே கழன்றுவிடும்.

கீறலுக்குள் செம்பு தெரிந்தால் உடனே தூக்கி எறியாதீர்கள். செம்புக்கு வெள்ளி முலாம் பூசிய கள்ளக் காசை ரோமர் காலத்திலேயே செய்தார்கள். அது போலிதான், ஆனால் ஆயிரத்து எண்ணூறு வருடப் போலி. அதற்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

கறுத்துப் போயிருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். பற்பொடி, எலுமிச்சை, சோடா எதுவும் வேண்டாம். அந்தக் கறுப்பு பல நூறு வருடங்கள் படிந்தது, ஒரு நிமிடத்தில் போய்விடும், திரும்ப வராது.

தமிழ்நாட்டில் கிடைத்த ரோமக் காசுகளில் இது உண்டா?

எதிர்பார்க்காதீர்கள். இங்கே கிடைத்த ரோம வெள்ளிக்காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை, கரகல்லாவுக்கு இருநூறு வருடம் முந்தியவை. 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூறு 149 சொல்லும் மிளகு வணிகம் உச்சத்தில் இருந்தபோது வந்தவை. அன்றைக்கு வெள்ளி சுத்தமாக இருந்தது, நம் வணிகர்களுக்கும் உலோகம் பார்க்கத் தெரியும். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருக்கிறது. கரூர், மதுரைப் பக்கம் கிடைக்கும் சிறு செம்புக்காசுகள் கரகல்லாவுக்கு ரொம்பப் பிந்தியவை.

எந்தப் பழங்காசானாலும் மண்ணில் புதையலாகக் கிடைத்தால் உங்களுடையது என்று எண்ணிவிடாதீர்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்து வரம்பு, சட்டத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது.

கடைசியில் கரகல்லாவுக்குக் குணமானதா?

எந்தக் கடவுளும் குணமாக்கவில்லை என்று டியோ எழுதிவிட்டார். நோயால் அவர் சாகவும் இல்லை. 217 ஏப்ரல் 8, இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் கார்ஹே நகருக்குப் போகும் வழியில், சிறுநீர் கழிக்கக் குதிரையிலிருந்து இறங்கியபோது சொந்தப் படைவீரன் ஒருவனே குத்திக் கொன்றான். பிறந்து இருபத்தொன்பது வருடமும் நான்கு நாளும் ஆகியிருந்தது. அன்றைக்கும் அவர் போய்க்கொண்டிருந்தது ஒரு கோயிலுக்குத்தான். கார்ஹேயின் நிலாத் தெய்வத்தைக் கும்பிட.